கொழும்புத் தொடர்மாடி வீட்டில் பெங்சூயி: ஐந்து மூலகங்களைச் சமன்செய்யும் முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையில் கடற்பக்கமாக உள்ள தொடர்மாடியொன்றின் ஐந்தாம் மாடியில் என் சின்னம்மா வீடு வாங்கிக் குடிபுகுந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. தரை முழுவதும் பளபளக்கும் வெள்ளை ஓடு, சுவர்களுக்கு வெள்ளைப் பூச்சு, அலுமினியச் சட்டமிட்ட பெரிய கண்ணாடி யன்னல்கள், எஃகுக் கால்களின் மேல் கண்ணாடிப் பலகை பொருத்திய மேசை, சாம்பல் நிறச் சோபா என எல்லாம் புதியவை. எல்லாம் விலை கூடியவை. ஆனாலும் அவர், "வீடு வடிவாத்தான் இருக்கு பிள்ளை, ஆனா ஆஸ்பத்திரி வார்ட்டுக்குள்ள இருக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நாணயத்தை வாயில் கவ்விய மூன்று கால் தவளையும், சிரிக்கும் புத்தரும், சிவப்பு நாடா கட்டிய லக்கி பாம்பூவும் வரிசையாக இருந்தன. வீட்டின் அமைப்பையும் பொருட்களையும் ஒழுங்குசெய்யும் சீன மரபான பெங்சூயிக்கு வேண்டியதெல்லாம் வைத்தாயிற்று என்பதே அவர் எண்ணம்.

புறக்கோட்டைக் கடைகளில் வாங்கக்கூடிய இத்தகைய பொருட்கள் பெங்சூயி மரபின் ஓரத்தில் நிற்பவை. அதன் நடுவில் இருப்பது, ஓர் இடத்தில் எந்த மூலகம் மிகுந்திருக்கிறது, எது மெலிந்திருக்கிறது என்று கண்டறிந்து, மிகுந்ததைத் தணித்து மெலிந்ததை வளர்க்கும் முறையாகும். சின்னம்மாவின் வீட்டில் நாங்கள் செய்ததும் அதுவே. அந்த முறையை, கொழும்பின் வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் மழைக்கும் பொருந்தும் வகையில், படிப்படியாக இங்கே விளக்குகிறேன்.

தொடங்குமுன்: பஞ்சபூதம் வேறு, ஐந்து மூலகம் வேறு

நம்மவர்கள் பெங்சூயியைக் கையாளும்போது நேரும் முதற்பிழை, அதன் ஐந்து மூலகங்களை நமது பஞ்சபூதங்களாக எண்ணிக்கொள்வதுதான். நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம் என்பவை நம் மரபின் ஐந்து. சீனர்களின் ஐந்து மரம், தீ, மண், உலோகம், நீர் என்பவை. மூன்று மட்டுமே பெயரளவில் பொதுவானவை. பெங்சூயி என்ற சொல்லுக்கே காற்றும் நீரும் என்று பொருள். ஆயினும் காற்று அவர்களுடைய ஐந்து மூலகங்களுள் ஒன்றாக இல்லை. அது 'சி' எனப்படும் உயிர்ச்சக்தியைச் சுமந்து செல்வதாகவும் சிதறடிப்பதாகவும் கருதப்படுகிறது. மேலும், இவ்வைந்தையும் குறிக்கும் 'வூ சிங்' என்ற சீனத் தொடரில் 'சிங்' என்பது நடத்தல், இயங்குதல் என்று பொருள்படும். எனவே இவை பொருளின் அடிப்படைக் கூறுகள் என்பதைவிட, ஒன்று மற்றொன்றாக மாறிச்செல்லும் ஐந்து நிலைகள் என்று கொள்வதே சரி.

திசைகளிலும் இந்த வேறுபாடு உண்டு. வாஸ்துவில் வடகிழக்கு ஈசானிய மூலை; அங்கே கிணறும் நீரும் நன்று என்பார்கள். பெங்சூயியில் வடகிழக்கு மண்ணுக்கு உரியது. மண் நீரைத் தடுப்பது. ஒரே மூலைக்கு இரண்டு முறைகளும் எதிரெதிரான தீர்ப்பைத் தருகின்றன. தென்கிழக்கில் இரண்டும் இணங்குகின்றன: வாஸ்துவில் அது அக்கினி மூலை, பெங்சூயியில் அது மரத்தின் திசை, மரம் தீயை வளர்ப்பதால் அங்கே அடுப்பு இருப்பதில் இரண்டுக்கும் மறுப்பில்லை. இணங்கும் இடங்களை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளலாம். இணங்காத இடங்களில் இரண்டையும் பாதிப் பாதியாகக் கலந்தால் எந்த முறையும் முழுமையாக அமையாது. கட்டடத்தின் அமைப்பையும் சாமி அறையையும் வாஸ்துவுக்கும் குடும்ப வழக்கத்துக்கும் விட்டுவிட்டு, தளபாடம், நிறம், வெளிச்சம், அலங்காரம் ஆகியவற்றுக்கு மட்டும் பெங்சூயியைப் பயன்படுத்துவதே நான் பரிந்துரைக்கும் வழி.

கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில், சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த, 1409 ஆம் ஆண்டுத் திகதியிட்ட மும்மொழிக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 1911 இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கல்லில் சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனைக் கோயிலின் தெய்வத்தையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் போற்றுகின்றன. ஒரே கல், மூன்று மொழி. ஆனால் ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பாக இல்லை. வாஸ்துவும் பெங்சூயியும் ஒரே வீட்டில் இருக்க வேண்டிய முறைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

மூன்று சுழற்சிகள்: இதை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது

முதலாவது வளர்க்கும் சுழற்சி. மரம் எரிந்து தீயை வளர்க்கிறது. தீ சாம்பலாகி மண்ணைத் தருகிறது. மண்ணுக்குள் உலோகம் பிறக்கிறது. உலோகத்தின் மேல் நீர் அரும்புகிறது. நீர் மரத்தை வளர்க்கிறது. உலோகம் நீரைத் தருவது எப்படி என்று பலர் கேட்பார்கள். கொழும்பில் இதற்கு விளக்கமே தேவையில்லை. குளிர்ந்த நீரைப் பித்தளைச் செம்பொன்றில் ஊற்றி மேசையில் வைத்துப் பாருங்கள். சில நிமிடங்களில் செம்பின் வெளிப்புறம் முழுவதும் முத்து முத்தாக நீர் கோத்து, வழிந்து, அடியில் வட்டமாகத் தேங்கி நிற்கும்.

இரண்டாவது கட்டுப்படுத்தும் சுழற்சி. மரத்தின் வேர் மண்ணைப் பிளக்கிறது; மண் அணையாகி நீரை மறிக்கிறது; நீர் தீயை அணைக்கிறது; தீ உலோகத்தை உருக்குகிறது; உலோகம் கோடரியாகி மரத்தை வெட்டுகிறது.

மூன்றாவது, வளர்க்கும் சுழற்சியைப் பின்னிருந்து பார்ப்பது. ஒன்றை வளர்க்கும்போது வளர்ப்பது களைத்துப்போகிறது. மரத்தைத் தீ தின்கிறது. தீயை மண் மூடுகிறது. மண்ணை உலோகம் வெறுமையாக்குகிறது. உலோகத்தை நீர் அரிக்கிறது. நீரை மரம் உறிஞ்சுகிறது. கடற்கரையோர வீதியான மரைன் டிரைவ் பக்கத்து வீடுகளில் இரும்புக் கிராதிகளுக்கு ஆண்டுதோறும் துரு சுரண்டி வர்ணம் பூசுகிறவர்களுக்கு, நீர் உலோகத்தை அரிக்கும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மிகுந்துபோன மூலகத்தைக் குறைக்க விரும்பும்போது, புதிதாகப் பழகுகிறவர்கள் உடனே கட்டுப்படுத்தும் மூலகத்தைத் தேடுவார்கள். நான் களைக்கச்செய்யும் மூலகத்தையே முதலில் தேடுவேன். நீர் மிகுந்த அறையில் மண்ணைக் கொட்டி அதை மறிப்பதைவிட, மரத்தை வைத்து அந்த நீரைக் குடிக்கவிடுவது மென்மையானது. அறையும் அழகாக இருக்கும். கட்டுப்படுத்தும் மூலகத்தைச் சிறு அளவில், கறிக்கு உப்பிடுவதைப்போல, கடைசியாகச் சேர்க்கலாம். ஒன்றையொன்று அழிக்கும் இரு மூலகங்கள் அருகருகே அகப்பட்டுக்கொண்டால், அவற்றுக்கு நடுவிலுள்ள மூலகம் சமாதானம் செய்யும். நீருக்கும் தீக்கும் நடுவில் மரம். தீக்கும் உலோகத்துக்கும் நடுவில் மண். உலோகத்துக்கும் மரத்துக்கும் நடுவில் நீர். குசினியைப் பற்றிப் பேசும்போது இது உடனே பயன்படும்.

ஒவ்வொரு மூலகத்தையும் வீட்டில் அடையாளம் காணுதல்

ஒரு மூலகம் பொருளாகவும், நிறமாகவும், வடிவமாகவும் வீட்டுக்குள் வருகிறது. மூன்றிலும் பொருளுக்கே நிறை அதிகம். பச்சை வர்ணம் அடித்த இரும்பு அலுமாரி முதலில் உலோகம். பச்சை நிறத்தால் அது சிறிதளவு மரமாகிறது, அவ்வளவே.

மரம் என்பது பலா, தேக்கு, முதிரை, மகோகனித் தளபாடங்கள், பிரம்புக் கதிரைகள், பனையோலைப் பெட்டிகள், பருத்தித் துணி, உயிருள்ள செடிகள் ஆகியவை. அதன் நிறம் பச்சை. வடிவம் தூணைப்போல உயர்ந்த நீள்சதுரம். தீ என்பது விளக்கு, அடுப்பு, மெழுகுதிரி, வெயில். சிவப்பும் செம்மஞ்சளும் அதன் நிறங்கள். முக்கோணமும் கூர்நுனியும் அதன் வடிவங்கள். மண் என்பது சுட்ட களிமண் பானை, செங்கல், கருங்கல், பழைய வீடுகளின் சிவப்புச் சீமெந்துத் தரை. நிறம் மஞ்சளும் காவியும் மண்ணிறமும். வடிவம் தட்டையான சதுரம். உலோகம் என்பது பித்தளை, செம்பு, இரும்பு, அலுமினியம், வெள்ளி, நிறம் வெள்ளையும் சாம்பலும், வடிவம் வட்டம். நீர் என்பது மீன்தொட்டி, நீர்க்குடம், கண்ணாடியும் முகம்பார்க்கும் கண்ணாடியும் இதனோடு சேர்த்தே எண்ணப்படுகின்றன, வடிவம் அலை. மரபில் நீரின் நிறம் கறுப்பு. கறுப்பை வீட்டுக்குள் விரும்பாத நம்மவர்கள் கருநீலத்தைப் பயன்படுத்தலாம்.

முதற்படி: திசையைச் சரியாக அறிதல்

கொழும்பில் கடல் இருப்பது மேற்கு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடலைப் பார்த்த சுவர் நேர் மேற்கைப் பார்க்கும் என்று கொள்ள முடியாது. காலி வீதி கரையோடு சேர்ந்து சற்றுச் சாய்ந்தே செல்கிறது. சூரியன் மறையும் இடத்தை வைத்து முடிவு செய்வதும் ஆபத்தானது. மார்ச் 21, செப்டெம்பர் 23 ஆகிய நாட்களை அண்டி மட்டுமே அது நேர் மேற்கில் மறைகிறது. யூன் 21 அளவில் மேற்கிலிருந்து ஏறக்குறைய 23 பாகை வடக்கேயும், டிசெம்பர் 21 அளவில் அதே அளவு தெற்கேயும் மறைகிறது. பெங்சூயியில் எட்டுத் திசைகளுக்கும் ஆளுக்கு 45 பாகைதான் பங்கு; நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 22.5 பாகை. யூன் மாத மாலையொன்றில் சூரியனைப் பார்த்து மேற்கைக் குறித்துக்கொண்டவர், வடமேற்கின் பங்குக்குள் விழும் திசையைக் குறித்திருக்கக்கூடும்.

ஆகவே திசைகாட்டியைப் பயன்படுத்துங்கள். கைத்தொலைபேசியில் உள்ளதே போதும். ஆனால் குளிர்சாதனப்பெட்டி, லிப்ட், இரும்புக் கதவு, கொங்கிரீற் தூணுக்குள் இருக்கும் கம்பி ஆகியவை முள்ளை இழுக்கும். வீட்டின் நடுவிலும் பல்கனியிலும் வாசலிலுமாக நான்கைந்து இடங்களில் நின்று அளந்து, ஒன்றோடொன்று ஒத்துவரும் அளவுகளை ஏற்று, விலகி நிற்பதைத் தள்ளிவிடுங்கள்.

மூலகங்களின் திசைகள் இவை: வடக்கு நீர், தெற்கு தீ, கிழக்கும் தென்கிழக்கும் மரம், மேற்கும் வடமேற்கும் உலோகம், வடகிழக்கும் தென்மேற்கும் வீட்டின் நடுவும் மண். வாசலை அடிப்படையாகக் கொண்டு திசைகளைக் கற்பனையாக அமைத்துக்கொள்ளும் இன்னொரு முறையை லின் யுன் என்பவர் அமெரிக்காவில் பரப்பினார். அதில் திசைகாட்டிக்கு வேலையில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். இந்த வழிகாட்டி திசைகாட்டி முறையையே பின்பற்றுகிறது.

இவ்விடத்தில் கொழும்புக்கு உரிய ஒரு விடயத்தைச் சொல்லியாக வேண்டும். சீன நிலத்தில் குளிர்காற்று வடக்கிலிருந்து வீசும். நண்பகல் வெயில் தெற்கிலிருந்து விழும். ஆகையால் வடக்கு நீராகவும் தெற்கு தீயாகவும் அமைந்தன. கொழும்பு பூமத்திய கோட்டிலிருந்து 7 பாகை வடக்கேதான் இருக்கிறது. ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் வெயில் வடக்குப் பக்கமாகவே விழுகிறது. இதற்காகத் திசைகளின் மூலகங்களை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. மரபு மரபாகவே இருக்கட்டும். ஆனால் எந்த அறைக்குள் எந்த மாதத்தில் உண்மையாகவே வெப்பம் ஏறுகிறது என்பதை அடுத்த கணக்கெடுப்பில் சேர்த்தாக வேண்டும்.

இரண்டாம் படி: வீட்டை வரைந்து பங்கிடுதல்

கட்டம் போட்ட தாளில் வீட்டின் படத்தை வரைந்து, நீளத்தையும் அகலத்தையும் மும்மூன்றாகப் பிரித்து ஒன்பது கட்டங்களாக்குங்கள். நடுக்கட்டம் மண். மற்ற எட்டும் எட்டுத் திசைகள். தொடர்மாடி வீடுகளில் லிப்டுக்கோ படிக்கட்டுக்கோ இடம் விட்டு ஒரு மூலை வெட்டப்பட்டிருப்பது வழக்கம். அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால், அதை ஒட்டிய சுவரில் அத்திசையின் மூலகத்தைச் சிறிது கூட்டிக்கொள்வது மரபு.

மூன்றாம் படி: கணக்கெடுத்தல்

ஒவ்வோர் அறைக்கும் ஒரு தாளை எடுத்து ஐந்து பத்திகள் கிழித்து, அறையின் வாசலில் நின்று கண்ணில் படுவதையெல்லாம் எழுதுங்கள். தரை, சுவர், கூரை, யன்னல் என்று பெரியவற்றில் தொடங்கிச் சிறியவற்றுக்கு வாருங்கள். தரைக்கும் சுவருக்கும் இருக்கும் நிறை ஒரு பூச்சாடிக்கு இல்லை. ஆகையால் பெரிய பரப்புகளுக்கு மூன்று புள்ளி, தளபாடங்களுக்கு இரண்டு, சிறு அலங்காரங்களுக்கு ஒன்று என்று போட்டுக்கொள்ளலாம். இந்தப் புள்ளிமுறை நானாக வகுத்துக்கொண்டது. பல வீடுகளில் கைகொடுத்திருக்கிறது. காலை, பிற்பகல், இரவு என்று மூன்று வேளையும் பாருங்கள். யன்னலுக்கு வெளியே தெரிவதையும் எழுதுங்கள்: கடல் தெரிந்தால் நீர், எதிர்மாடியின் கண்ணாடிச் சுவர் தெரிந்தால் அதுவும் நீர், தென்னைகள் தெரிந்தால் மரம்.

சின்னம்மாவின் வரவேற்பறை வீட்டின் மேற்குப் பகுதியில் இருந்தது. அது உலோகத்தின் திசை. உலோகப் பத்தியில் வெள்ளைத் தரை, வெள்ளைச் சுவர், அலுமினியம், எஃகு, சாம்பல் சோபா. நீர்ப் பத்தியில் கடல், யன்னல் கண்ணாடி, கண்ணாடி மேசை, சோபாவுக்கு மேலே தொங்கிய பெரிய முகக்கண்ணாடி. மரத்துக்கு அந்த லக்கி பாம்பூ மட்டுமே, மண்ணுக்கு ஒன்றுமில்லை. தீயின் நிலைமைதான் விசித்திரமானது: பிற்பகல் மூன்று மணி முதல் சூரியன் மறையும்வரை அறைக்குள் நிற்க முடியாத வெயில், இரவிலோ கூரையில் வெண்ணீல விளக்குகள், அவை வெளிச்சம் தந்தாலும் தீயின் தன்மையைத் தருவதில்லை. உலோகம் நீரை வளர்க்க, வளர்ந்த நீரைக் குடிப்பதற்கு மரம் இல்லாமல் சுழற்சி அங்கேயே நின்றுபோயிருந்தது. ஆஸ்பத்திரி என்று அவர் சொன்னது இதைத்தான்.

நான்காம் படி: எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது

சமநிலை என்பது ஐந்தையும் சம அளவில் நிறுத்துவதாகாது. ஒவ்வோர் அறையிலும் அதன் திசைக்கும் பயனுக்கும் உரிய மூலகம் தலைமை தாங்கலாம். ஆனால் வளர்க்கும் சுழற்சி எங்கும் அறுந்துவிடக் கூடாது. எனவே கணக்குத் தாளைப் பார்த்து முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எது குறைவு?" என்பதைவிட, "எந்த மூலகத்தோடு சுழற்சி நிற்கிறது?" என்பதே. நிற்கும் மூலகத்துக்கு அடுத்ததை முதலில் கொண்டுவர வேண்டும்.

அந்த அறையில் நீரோடு சுழற்சி நின்றது, அடுத்தது மரம். சின்னம்மாவின் சாமான் அறையில், யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய தாயார் வீட்டுப் பெட்டகம் ஒன்று பழைய படுக்கை விரிப்புகளால் மூடப்பட்டுக் கிடந்தது. முதிரைப் பலகை, பித்தளைக் குமிழ்கள், மூடியின் உட்புறத்தில் யாரோ பென்சிலால் எழுதிய சீலைக் கணக்கு இன்னும் அழியாமல் இருந்தது. புது வீட்டுக்குப் பொருந்தாது என்று அதை ஒளித்து வைத்திருந்தார்கள். கண்ணாடி மேசையை அகற்றிவிட்டு அதை நடுவில் வைத்தோம். ஈரத்துணியால் துடைத்தபோது முதிரையின் பொன்னிறம் மேலெழுந்தது. வெள்ளைத் தரையில் அதன் நிழல் விழுந்த இடமே வேறு அறைபோலத் தோன்றியது. முகக்கண்ணாடியைச் சாப்பாட்டு மேசைப் பக்கம் மாற்றினோம். உணவைக் காட்டும் கண்ணாடியை மரபு நன்றென்கிறது.

அடுத்து தீ. வெண்ணீல விளக்குகளைக் கழற்றி 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான மஞ்சள் ஒளி விளக்குகளைப் போட்டோம். சோபாவில் செங்கல் நிற உறையிட்ட இரண்டு தலையணைகள் வைத்தோம். பிற்பகல் வெயில் என்னும் தீ உலோகத் திசைக்குள் நேரே பாய்வதால், அவ்விரண்டுக்கும் இடையில் மண் வேண்டும். அதற்காக மண்ணிறக் கைத்தறித் திரைச்சீலைகளைத் தடிப்பாகத் தைத்து மேற்கு யன்னலில் இட்டோம். மண் உலோகத்தை வளர்க்கும் என்பதால் அதற்கு மேல் மண்ணைக் கூட்டவில்லை. களிமண் சாடிகள் நிறைய வாங்க வேண்டும் என்று சின்னம்மா ஆசைப்பட்டார், ஒன்றோடு நிறுத்தினோம்.

உலோகத்தை முழுவதும் ஒழிக்கவும் இல்லை. அது அத்திசையின் சொந்த மூலகம். அவருடைய குத்துவிளக்கைப் பெட்டகத்துக்கு அருகில் வைத்தபோது, உலோகமும் தீயும் மரமும் ஒரே பார்வையில் அமைந்துவிட்டன. சுவரும் தரையும் இன்றுவரை வெள்ளையாகவே இருக்கின்றன. வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: துணி, வெளிச்சம், தளபாடம் ஆகிய மூன்றை மாற்றினாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும், வர்ணம் பூச வீட்டுக்காரரின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: அறை அறையாக

வாசல்: இங்கே செருப்பு அடுக்கைத் திறந்தபடி வைக்காமல், கதவு முழுமையாகத் திறக்க இடம் விடுங்கள். கதவுக்கு நேரெதிரே முகக்கண்ணாடி வேண்டாம். உள்ளே வரும் சக்தியை அது திருப்பி அனுப்பும் என்பது மரபு. மாவிலைத் தோரணம் மரத்தின் மூலகமும் ஆகும். காய்ந்து சுருண்டதும் கழற்றிவிட வேண்டும்.

குசினி: ஒரு சிறிய தொடர்மாடிக் குசினியில் காஸ் அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும் ஒரு சாண் இடைவெளியில் இருக்கும். தீயும் நீரும் தோளோடு தோள் இடித்து நிற்கும் இந்த நிலையைப் பெங்சூயி பெரிதும் கவனிக்கிறது. இடம் மாற்ற முடியாத நிலையில், நடுவிலே மரத்தை வையுங்கள். தடித்த மரப்பலகை ஒன்று நிரந்தரமாக அவ்விடத்தில் நிற்கலாம். யன்னல் இருந்தால் ரம்பை அல்லது கற்பூரவள்ளிச் சாடி ஒன்று போதும், கறிக்கும் உதவும். அடுப்புக்கு நேரே குளிர்சாதனப்பெட்டி நின்றால், நடுவில் ஒரு பச்சைத் தரைவிரிப்பு அதே வேலையைச் செய்யும். குசினிச் சுவருக்குச் சிவப்பு வேண்டாம். தீ அங்கே தேவைக்கு மேலேயே இருக்கிறது.

படுக்கையறை: கட்டிலின் தலைப்பக்கம் உறுதியான சுவரில் சேர்ந்திருக்க வேண்டும், படுத்தபடி கதவைப் பார்க்க முடிய வேண்டும், ஆனால் கால் நேரே கதவை நோக்கக் கூடாது. கட்டிலைக் காட்டும் கண்ணாடியைத் தவிர்க்க வேண்டும். நமது அலுமாரிகளின் கதவில் ஆளுயரக் கண்ணாடி பொருத்தப்பட்டிருப்பதால் இது சிக்கலாகிறது. அலுமாரியை வேறு சுவருக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் இரவில் மூடக்கூடிய சிறு திரைச்சீலை ஒன்றைக் கம்பியில் மாட்டுங்கள். மீன்தொட்டியும் நீர்க்காட்சிப் படமும் இங்கே வேண்டாம். இந்த அறைக்கு மண்ணின் நிறங்களே மிகவும் பொருந்துகின்றன என்பது என் அனுபவம்: சந்தன நிறம், காவி கலந்த வெள்ளை, பழுத்த மாம்பழத்தின் மங்கிய மஞ்சள்.

குளியலறை: நீர் வெளியேறும் இடம் என்பதால் கதவும் கொமட் மூடியும் மூடியிருக்கட்டும். மண்ணிறப் பாய்விரிப்பு, ஈரத்தைத் தாங்கும் ஒரு செடி, நன்றாக இயங்கும் காற்றுப்போக்கி ஆகியன போதுமானவை.

சாமி அறை: இதைப் பெங்சூயிக்காக இடம் மாற்றாதீர்கள். வடகிழக்கில் இருந்தால் விளக்கின் தீ அத்திசையின் மண்ணை வளர்ப்பதாகவே அமைகிறது.

செடியும் நீரும்: கொழும்பில் தனிக் கவனம்

லக்கி பாம்பூ என்று விற்கப்படுவது மூங்கிலே அன்று. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட டிரசீனா இனச் செடி. நீரில் நிறுத்தி வளர்ப்பதால் மரமும் நீரும் ஒருங்கே அமைகின்றன. கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் ஏற்றது. ஆனால் அந்த நீரே நுளம்புக்குத் தொட்டிலாகிவிடும். 2001 இல் தென்சீனாவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கப்பலில் போன இந்தச் செடிகளோடு டெங்கைப் பரப்பும் ஏடிஸ் இன நுளம்பும் போய்ச் சேர்ந்தது. முட்டை நுளம்பாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் செல்லும். எனவே ஒவ்வொரு வாரமும் குறித்த ஒரு நாளில் நீரைக் கொட்டி, சாடியின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, புது நீர் ஊற்றுங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் முட்டைகள் வெறுமனே நீரை மாற்றுவதால் போவதில்லை. பூச்சட்டிகளின் அடித்தட்டில் மணலை நிரப்பிவிடுவது நல்லது. மீன்தொட்டி வைப்பதானால் வடக்கு, கிழக்கு, தென்கிழக்கு ஆகிய மூன்றும் ஏற்றவை. கலங்கிய தொட்டியை வைத்திருப்பதைவிடத் தொட்டியே இல்லாதிருப்பது மேல்.

கடற்பக்க பல்கனியில் மெல்லிய இலைச் செடிகளின் நுனி உப்புக்காற்றில் கருகிவிடும். அங்கே வாள்போன்ற தடித்த இலைகளையுடைய மருள் செடி நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது. மணி பிளான்ட் குறைந்த வெளிச்சத்திலும் வளரும் என்பதால் உள்ளறைக்கு ஏற்றது. அதன் இலையை மென்றால் வாய் எரியும், ஆகையால் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். வாடிய செடியையும் தூசி படிந்த பிளாஸ்டிக் பூவையும் மரமென்று கணக்கில் எழுத வேண்டாம்.

காற்றுமணி உலோகத்துக்கு உரியது. மேற்கும் வடமேற்கும் அதன் இடங்கள். மரைன் டிரைவ் பக்கத்தில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அது இரவு முழுவதும் ஓயாமல் அடித்து அயலவரின் தூக்கத்தைக் கெடுக்கும். வீட்டுக்குள், மின்விசிறிக் காற்று மெல்லத் தீண்டும் இடத்தில், பித்தளையால் ஆனதைத் தொங்கவிடுங்கள். இரும்பானது ஒரு மழைக்காலத்தோடு துருவேறிவிடும்.

ஆறாம் படி: பருவத்தோடு மாற்றுதல்

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது பயன் தந்தது என்று தெரியாது. ஒரு மாற்றம் செய்து இரண்டு மூன்று வாரங்கள் அந்த அறையில் வாழ்ந்து பாருங்கள், அதன்பின் அடுத்தது. இடம் மாற்றிய பொருள் மனத்தில் இருப்புக் கொள்ளவில்லை என்றால் தயங்காமல் பழைய இடத்துக்கே கொண்டுபோங்கள்.

ஆண்டு முழுவதும் ஒரே அமைப்பும் கொழும்புக்குப் பொருந்தாது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெக்கை ஏறும்போது செங்கல் நிற உறைகளை மடித்து வைத்துவிட்டு, நீலமும் வெள்ளையும் கலந்த உறைகளை இடலாம். மண்ணிறத் திரைச்சீலைகள் நண்பகலுக்குப் பின் மூடியிருக்கட்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் வெளியே நீர் மிகுந்திருப்பதால், உள்ளே நீல விரிப்புகளை எடுத்துவிட்டு மஞ்சள் விளக்கை மாலை வேளைக்கு முன்னரே ஏற்றுங்கள். மரத் தளபாடங்களைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிவையுங்கள், இல்லாவிட்டால் பின்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும். சின்னம்மா இப்போது ஒவ்வோர் ஆண்டும் சித்திரை வருடப்பிறப்புச் சுத்திகரிப்போடு ஒரு முறையும், நவராத்திரிக்கு வீடு கழுவும்போது ஒரு முறையும் ஐந்து பத்திக் கணக்கைப் புதிதாக எழுதுகிறார். போன நவராத்திரிக்கு முன்பு எழுதிய தாள் அந்தப் பெட்டகத்தின் மூடிக்குள், பழைய சீலைக் கணக்குக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. மரப் பத்தியில் இப்போது ஏழு வரிகள்.